தென்னை நிழலில் கடலை: செடி செழித்தது, காய் எங்கே போனது?

பேராவூரணித் தோப்பு

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது எங்கள் தோப்பில் நின்ற பழைய தென்னையில் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்துவிட்டது. அடுத்த வருடம் புரட்டாசியில் 25 அடிக்கு 25 அடி விட்டுப் புதுக் கன்று வைத்தேன். கன்று காய்ப்புக்கு வரும் வரை வீட்டுச் செலவுக்கு வழி வேண்டும் என்று இடையில் நிலக்கடலை போட்டு வருகிறேன். மார்கழிப் பட்டம், கிணற்றுப் பாசனம்.

முதல் மூன்று வருடம் டி.எம்.வி 7 ரகம் போட்டேன். ஏக்கருக்கு 40 கிலோ மூட்டைக் கணக்கில் 20 மூட்டைக்குக் குறையவில்லை. நான்காவது வருடம் 16. விதை தேய்ந்துவிட்டது என்று நினைத்து, ஐந்தாவது வருடம் வி.ஆர்.ஐ 8 வாங்கிப் போட்டேன். 11 மூட்டைதான் வந்தது. விற்றவரிடம் போய்ச் சண்டைகூடப் போட்டேன்.

இந்த வருடமும் அதே ரகம்தான். இப்போது 80 நாள் பயிராக நிற்கிறது. செடியைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. முழங்கால் உயரம், கரும்பச்சை, தரையே தெரியவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பில் நின்று "இந்த வருஷம் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று நான்கு செடி பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றில் ஐந்து காய், இன்னொன்றில் ஏழு. மற்ற இரண்டும் எண்ணும்படி இல்லை.

45-ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தேன். தண்ணீரும் குறை வைக்கவில்லை. கோளாறு விதையிலா, மண்ணிலா, தென்னை நிழலிலா? நிழல்தான் என்றால் செடி எப்படி இவ்வளவு செழிப்பாக இருக்கிறது? அதுதான் எனக்குப் புரியவில்லை.

செம்மண் காடு

அண்ணே, நான் விருத்தாசலம் பக்கம். எங்கள் ஊரில் மல்லாட்டை என்போம். நீங்கள் சொல்வதை அப்படியே என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனால் அங்கே தென்னையே இல்லை.

மூன்று வருடம் முன்பு முந்திரி ஒட்டுக்கன்றுக்காக மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் பந்தல் போட்டுப் பச்சை நிழல்வலை கட்டினோம். 50 சதவீத வலை. அதன் ஒரு பகுதி மல்லாட்டைப் பாத்தி மேலேயும் விழுந்தது. கீழே நின்றது அதே விதை, அதே நாள் விதைப்பு, அதே வாய்க்கால் தண்ணீர். பக்கத்தில் போட்டிக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. வலைக்குக் கீழே செடி ஒரு சாண் கூடுதலாக வளர்ந்து சாய்ந்தது. பிடுங்கும்போது, வெளியில் நின்ற செடியில் இருந்ததில் பாதிக் காய்கூட வலைக்குக் கீழே இல்லை. இருந்த காயிலும் பொக்கு, அதாவது பருப்பு நிறையாத காய், அதிகம்.

அதனால் என் மனதில் பட்டது இது: விதைக்காரர் மேல் கோபப்படுவதற்கு முன்னால் மேலே நிமிர்ந்து மட்டையைப் பாருங்கள்.

பயிர்க்கணக்கு

நான் பயிர் வினையியல் படித்தவன். தோப்பு ஐயாவின் கடைசிக் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. செடி செழிப்பாக இருப்பதும் காய் இல்லாததும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

நிழலில் நிற்கும் செடி வெளிச்சத்தைத் தேடி மேலே ஓடும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீளும், பக்கக் கிளை குறையும். இலை அகலமாகவும் மெல்லிதாகவும் வரும். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க இலையின் எடைக்கு எடை பச்சையம் கூடும். நீங்கள் பார்த்த கரும்பச்சை அதுதான். அது பசியில் வரும் பச்சை ஐயா. ஊட்டத்தில் வருவது இப்படி இருக்காது. செடி தயாரிக்கிற சர்க்கரை தண்டுக்கும் இலைக்கும் போய்விட, காய்க்குப் போகும் பங்கு சுருங்கிவிடுகிறது. வேர் முடிச்சுக்கும் சர்க்கரைதான் சாப்பாடு. அதனால் தழைச்சத்து பிடிப்பதும் குறையும்.

எண்ணெய்வித்துக்கு நிழல் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒரு கிராம் மாவுச்சத்து செய்யச் செடிக்கு ஏறக்குறைய 1.2 கிராம் சர்க்கரை போதும். ஒரு கிராம் எண்ணெய் செய்ய 3 கிராம் வேண்டும். கடலைப் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். புரதமும் செலவு பிடிப்பதுதான். ஆகவே ஒரு மூட்டை நெல்லுக்கு ஆகும் வெயிலை வைத்து ஒரு மூட்டை கடலைப் பருப்பு எடுக்க முடியாது. வெயில் வரவு குறைந்தால் முதலில் அடிபடுவது எண்ணெய்வித்துதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் செடியில் எத்தனை ஊசி (பூ வாடியபின் மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது என்று எண்ணினீர்களா?

பேராவூரணித் தோப்பு

எண்ணவில்லை தம்பி. நாளைக் காலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆழியாற்றங்கரை

தென்னையின் வயதைக் கவனிக்கச் சொல்வேன். வேளாண் பல்கலைக்கழகம் தென்னை ஊடுபயிருக்குச் சொல்கிற வரம்பு இதுதான்: ஏழு வயது வரைக்கும் கடலை மாதிரிப் பயிர் போடலாம். 7 முதல் 20 வரை பசுந்தாள் உரப்பயிரும் தீவனப்புல்லும் மட்டும். 20-க்கு மேல் மரம் உயர்ந்து வெளிச்சம் மறுபடி இறங்கும்போது வாழை, மஞ்சள், சேனை, கோகோ என்று போகலாம். உங்கள் கன்று ஆறாவது வருடத்தைத் தாண்டியிருக்கும். அந்த வாசலில்தான் நிற்கிறீர்கள்.

இளந்தென்னையின் நிழல் பலருக்கும் பிடிபடுவதில்லை. தண்டு எழும்பாத மரம் 15 அடி மட்டையைத் தரையோடு விரிக்கிறது. 25 அடி இடைவெளியில் இரண்டு பக்கத்து மட்டையும் நடுவில் கைகோத்துவிடும். 40 வயது மரத்தடியில் நின்றால் வெயில் பொட்டுப் பொட்டாக நகர்ந்துகொண்டே இருக்கும். பத்து வயது மரத்தடியில் அந்தப் பொட்டுகூட விழாது.

எங்கள் தோப்பு 30 வயதைத் தாண்டியது. ஆசைப்பட்டு இரண்டு வருடம் கடலை போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் ஓரளவு இருந்தும் சரிப்படவில்லை. காலை ஒன்பது மணி வரை இலையில் பனி காயாது. டிக்கா இலைப்புள்ளி நோயும் துரு நோயும் சேர்ந்து 70 நாளில் இலையைக் கொட்டவைத்துவிட்டன. இரண்டாம் முறை ஏ.எல்.ஆர் 3 போட்டேன். எங்கள் ஆழியாறுநகர் நிலையத்து ரகம். துருவும் புள்ளியும் தாங்கும். இலை நின்றது, காய் கொஞ்சம் தேறியது. ஆனால் நோய் தாங்கும் ரகம் என்பதால் நிழல் தாங்கும் ரகம் ஆகிவிடாது. இலை உதிராததால் வந்த லாபம் மட்டும்தான் கிடைத்தது. இப்போது கோகோதான் நிற்கிறது.

செம்மண் காடு

அடிமட்டையைக் கழித்துவிட்டால் என்ன? வெளிச்சம் வருமே?

ஆழியாற்றங்கரை

காய்ந்து தொங்குவதைக் கழிக்கலாம் தம்பி. பச்சை மட்டையை வெட்டினால் அடுத்து வரும் பாளைக்கான சோற்றை வெட்டுகிறோம். ஏழெட்டு மூட்டைக் கடலைக்காக 60 வருடம் காய்க்கப்போகும் மரத்தை ஏன் நோகடிக்க வேண்டும்?

எள்ளுக்காய்

நான் சிவகிரிப் பக்கம், ஈரோடு மாவட்டம். கடலை அதிகம் தெரியாது, எள் தெரியும். நிழல் எவ்வளவு என்பதை மட்டும் பேசுகிறீர்கள். எப்போது விழுகிறது என்பதையும் பேச வேண்டும். என் கொல்லையில் நடந்ததைச் சொல்கிறேன்.

கிழமேல் வரப்பில் நான்கு பெரிய வேம்பு உண்டு. மாசிப் பட்டத்தில் எள் விதைக்கும்போது வேம்பு இலை உதிர்த்துக் கிளையாக நிற்கும். எள்ளும் மரத்தடி வரை ஒரே சீராக முளைத்து வளரும். பங்குனியில் வேம்பு துளிர்த்து, எள் பூ எடுக்கிற நேரத்துக்குக் குடை மாதிரி அடைத்துவிடும். 30 நாள் பயிரில் ஒரு வித்தியாசமும் தெரியாத இடத்தில், அறுவடையில் பாதிக்குப் பாதி வித்தியாசம்.

எள்ளில் இலைக்கக்கத்தில்தான் காய். வெயிலில் நின்ற செடியில் தரையிலிருந்து ஒரு சாணிலேயே முதல் காய் ஆரம்பித்து, மேலே வரை அடுக்கடுக்காக இருந்தது. வேம்படிச் செடியில் முதல் காயே ஒரு முழத்துக்கு மேல். கணு நீண்டுவிட்டதால் ஒரு முழத் தண்டில் இருக்க வேண்டிய காயில் பாதிதான். பூவும் நிறைய உதிர்ந்து கிடந்தது. ஆனால் பிடித்த காயைப் பிளந்தால் உள்ளே விதை ஓரளவு நிறைந்துதான் இருந்தது. அடிபட்டது காயின் எண்ணிக்கை.

பயிர்க்கணக்கு

அக்கா, நீங்கள் எழுதியது ஒரு சோதனைத் திடல் செய்ய வேண்டிய வேலை. விதைத்த முதல் மூன்று வாரம் நிழல் விழுந்து விலகினால் பெரும்பாலான எண்ணெய்வித்துகள் சமாளித்துக்கொள்ளும். பூக்கும் காலத்தில் விழுந்தால் எண்ணிக்கை போய்விடும். மணி பிடிக்கும் காலத்தில் விழுந்தால் எடையும் எண்ணெயும் போகும்.

சூரியகாந்தியில் இதை நன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பூ விரிவதற்குச் சற்று முன்னும் பின்னுமான நாட்களில் நிழல் கட்டினால் தட்டில் விதை எண்ணிக்கை குறைகிறது. அதற்குப் பிறகு கட்டினால் விதை இருக்கும், எண்ணெய் குறையும். அர்ஜென்டினாவில் பால்கார்சே ஆய்வாளர்கள் இன்னொன்றும் காட்டினார்கள்: மணி பிடிக்கும்போது வெளிச்சம் குறைந்தால் எண்ணெயில் ஒலியிக் என்ற கொழுப்பு அமிலத்தின் பங்கு குறைந்து லினோலியிக் என்ற இன்னொன்று கூடுகிறது. நிழல் எண்ணெயின் தன்மையையே மாற்றிவிடுகிறது.

கடலையில் சிக்கல் கூடுதல். விதைத்த 25, 30 நாளில் பூக்க ஆரம்பித்துத் தொடர்ந்து பூத்துக்கொண்டே இருக்கும். முற்றிய காயாக நம் கைக்கு வருவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரப் பூதான். அந்த வாரங்களில் வெளிச்சம் இல்லாமல் போய், பிறகு வந்த பூ காயானாலும் 105-ஆம் நாள் பிடுங்கும்போது அது இளங்காய். பொக்கு என்று சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

மார்கழி வெயில்

புதியவன், படித்துக்கொண்டே வந்தேன். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டே? சித்திரை வெயிலில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் கடலைப் பூவின் மகரந்தம் கெட்டுக் காய்ப்பிடிப்பு குறையும் என்று படித்திருக்கிறேன். அப்போது லேசான நிழல் நல்லதுதானே? கம்பும் கடலையும் கலந்து போட்டால் கூடுதல் பலன் என்றும் சொல்கிறார்களே?

பயிர்க்கணக்கு

இரண்டும் உண்மை, அளவோடு. வெப்பத்தைப் பொறுத்தவரை லேசான, நகர்ந்துகொண்டே இருக்கும் நிழல் கோடையில் உதவலாம். ஆனால் தோப்பு ஐயா போடுவது மார்கழிப் பட்டம். தை மாசியில் பூக்கும் கடலைக்கு அந்த வெப்பமே இல்லை. அவருக்கு நிழலால் நட்டம் மட்டும்தான்.

கம்பு விஷயம் ஹைதராபாத் பக்கம் பட்டஞ்செருவில் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் செய்தது. 1980-ஐ ஒட்டிய வருடங்கள். ஒரு வரிசை கம்பு, மூன்று வரிசை கடலை. தனித்தனியாகப் போட்டதைவிட நிலத்துக்குப் பலன் கூடியது. கம்பின் நிழலில் கடலை தனக்குக் கிடைத்த வெளிச்சத்தைக் கூடுதல் சிக்கனமாகப் பயன்படுத்தியதும் தெரிந்தது. ஆனால் கம்பு சீக்கிரம் அறுவடையாகி விலகிவிடும், கடலைக்குக் கடைசி வாரங்களில் முழு வெயில் கிடைக்கும். நம் ஊரில் ஆறு வரிசை கடலைக்கு ஒரு வரிசை துவரை போடுவது இன்னும் அழகான ஏற்பாடு. துவரை குடை விரிக்கும்போது கடலையைப் பிடுங்கி முடித்திருப்போம். தென்னை அப்படி விலகி நிற்கப்போவதில்லை.

செம்மண் காடு

நிழலைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம், சரி. தென்னை வேர்? அது உரத்தையும் தண்ணீரையும் உறிஞ்சாதா?

ஆழியாற்றங்கரை

உறிஞ்சும். ஆனால் தென்னையின் உணவு எடுக்கும் வேர் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள் இருக்கிறது. வட்டப்பாத்தியை 1.8 மீட்டர் ஆரத்துக்கு எடுப்பது அதனால்தான். ஐயா அந்த வட்டத்தை விட்டுத்தான் விதைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பேராவூரணித் தோப்பு

வட்டத்துக்குள் விதைப்பதில்லை. தம்பி சொன்னபடி இன்று காலை மூன்று இடத்தில் பத்துப் பத்துச் செடி பிடுங்கினேன். மனைவியும் கூட உட்கார்ந்து எண்ணினார்.

தெற்கே வாய்க்கால் ஓரம் நான்கு மரம் வராமல் போன இடம் திறந்து கிடக்கிறது. அங்கே செடி உயரம் சராசரி ஒன்றேகால் அடி. பத்துச் செடியில் 184 காய், அதில் பொக்கு 21. தோப்பின் நடுவில் நான்கு மரத்துக்கும் சமதூரத்தில் செடி இரண்டேகால் அடி. பத்துச் செடியில் 67 காய், பொக்கு 25. மரத்திலிருந்து எட்டடியில் 58 காய்.

ஊசிதான் என்னை உட்காரவைத்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் மண்ணைத் தொடாத ஊசி செடிக்கு ஒன்றோ இரண்டோ. நடுத்தோப்பில் செடிக்கு எட்டு, ஒன்பது. தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நுனி கறுத்து, சுருங்கி, ஊதா நிறத்தில் காய்ந்து தொங்குகிறது. ஒன்றைக் கையில் எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே கடுகளவு வெள்ளை இருந்தது. காயாக வேண்டியது அதுதானே. அத்தனை வருடமும் இலையைப் பார்த்தேனே தவிர இதைக் குனிந்து பார்க்கவில்லை.

நடுத்தோப்புக்கும் மரத்தடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் வேர் என்று எனக்குத் தோன்றவில்லை.

பயிர்க்கணக்கு

நன்றி ஐயா. அம்மாவுக்கும் நன்றி சொல்லுங்கள். ஊசியின் நுனியில்தான் சூல் இருக்கிறது. மண்ணுக்குள் போய் இருட்டும் மண்ணின் அழுத்தமும் கிடைத்தால்தான் காய் திரளும். நிழலில் கணு நீண்டதால் பூ உயரத்தில் பூத்தது, ஊசி தரைக்கு வந்து சேரவில்லை. ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்தை மண்ணுக்குள் இருக்கும் காய் நேராக உறிஞ்சும். ஊசியே இறங்காத இடத்தில் ஜிப்சம் யாருக்கு?

ரகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டி.எம்.வி 7, வி.ஆர்.ஐ 8 இரண்டும் கொத்து ரகம், நிமிர்ந்து வளர்பவை. நிழலில் நிமிர்ந்த செடிக்குத்தான் ஊசி எட்டாத சங்கடம் அதிகம். படரும் ரகத்தில் கிளை தரையை ஒட்டிப் போவதால் ஊசி இறங்கிவிடும். ஆனால் அவை நாள் அதிகம் பிடிக்கும், சர்க்கரைப் பற்றாக்குறையும் அப்படியே இருக்கும். அரை நிழலில் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் தெரியும். உங்கள் நடுத்தோப்பு மாதிரி இடத்தில் எல்லா ரகமும் ஒன்றாகத்தான் கீழே போகும். முடிந்தால் போனில் வெளிச்சம் அளக்கும் செயலி இறக்கி, காலை 8 முதல் மாலை 4 வரை இரண்டு மணிக்கு ஒருமுறை இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். எண்ணை நம்ப வேண்டாம், விகிதத்தைப் பாருங்கள். இலை வழியே வரும் வெளிச்சத்தில் பச்சை கூடுதல், செடிக்கு உதவுவது குறைவு. செயலி காட்டும் லக்ஸ் கணக்கு பச்சையைத்தான் அதிகமாகக் காட்டும். அதனால் உண்மை நிலை அளந்ததைவிடக் கொஞ்சம் மோசம்தான்.

மார்கழி வெயில்

விதையைக் கூட்டி அடர்த்தியாகப் போட்டு ஈடுகட்ட முடியாதா?

செம்மண் காடு

முடியாது தம்பி. வழக்கமான 30-க்கு 10 சென்டிமீட்டரிலேயே நிழலில் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளும். அடர்த்தி கூட்டினால் இன்னும் உயரம்தான் வரும். விதைக்கடலை விற்கிற விலையில் அது தண்டச்செலவு.

எள்ளுக்காய்

ஐயா, மரங்களுக்கு வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிறது. உங்கள் ஊரில் அப்போது உச்சிவேளையில்கூட 20 அடி மரத்தின் நிழல் 13 அடி வடக்கே போய் விழும். சித்திரை முதல் வாரத்தில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், உச்சிவேளை நிழல் மரத்தடியிலேயே நிற்கும். திறந்த இடம் தெற்கு ஓரத்தில் இருப்பது உங்கள் நல்ல நேரம். வடக்கே இருந்திருந்தால் மார்கழிப் பட்டத்துக்கு அதுவும் நிழலாகியிருக்கும்.

பேராவூரணித் தோப்பு (ஒரு மாதம் கழித்து)

பிடுங்கி, காயவைத்து, மூட்டை கட்டிவிட்டேன். தோப்பு முழுக்க ஏக்கருக்கு ஏழு மூட்டை. வாய்க்கால் ஓரத்தைத் தனியாகக் காயவைத்தேன். அந்தப் பத்துச் சென்டில் மட்டும் இரண்டு மூட்டை நிறைந்தது. அதே வி.ஆர்.ஐ 8, அதே விதைப்பை. விதை விற்றவரைப் போன வாரம் நேரில் பார்த்து, போன வருடம் பேசியதற்கு வருத்தம் சொல்லிவிட்டு வந்தேன்.

வெளிச்சமும் அளந்தேன். நடுத்தோப்பில் மதியம், திறந்த வெளியில் இருக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. காலை மாலையில் அதைவிடக் குறைவு.

இனி நடுவில் கடலை இல்லை. கினியாப் புல் கரணை சொல்லியிருக்கிறேன். நேப்பியரைவிட அது நிழல் தாங்கும் என்று ஊரில் சொன்னார்கள். இரண்டு மாடு நிற்கிறது, வீணாகாது. தெற்கு ஓரத்தில் அடுத்த மார்கழிக்கும் கடலைதான். அங்கே வராமல் போன நான்கு குழியில் மறுகன்று வைக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. மனைவி வேண்டாம் என்கிறார்.

எள்ளுக்காய் அக்கா, அந்த ஓரத்தில் கடலைக்குப் பிறகு சித்திரையில் எள் தூவினால் வருமா? ஏக்கருக்கு 2 கிலோ விதை என்றால் பத்துச் சென்டுக்கு 200 கிராம் போதும்தானே?

எள்ளுக்காய்

போதும் ஐயா. மணலோடு கலந்து தூவுங்கள், 15-ஆம் நாள் நெருக்கமான செடியைக் கலைத்துவிடுங்கள். மரத்துப் பக்கம் எட்டடி விட்டுவிடுங்கள். பூ எடுக்கும்போது முதல் காய் எந்த உயரத்தில் வருகிறது என்று அளந்து இங்கேயே எழுதுங்கள்.